ஈகையும் ஒப்புரவும்

(திருவொற்றியூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வள்ளுவனார் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும், ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் வேறு வேறாக வைத்தனர். இல்லார்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. தன்னைச் சூழ வாழ்வார்க்குத் தான் செய்யக் கடமைப்பட்டது இதுவென உணர்ந்து ஒழுகுவது ஒப்புரவு. ஆலைகளின் நடுவே வாழும் நாம் இவ்வேற்றுமையை மறத்தலாகாது.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம்மவருட் சிலர் வலை வீசிப் பிழைக்கின்றனர். சிலர் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைக்கின்றனர். ஆதலின் ஆலைகளை வெறுத்துப் பேச யான் வந்தேனல்லேன்.

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம் பெறுவன முதலிய பெரிய கம்பெனிகள், முந்திய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 100-க்கு 2 பங்கேனும் பொதுநலத்திற்குச் செலவிட விதிக்கின்றது. தொழில் நடக்கும் வட்டாரத்திற்கு முதன்மை தருக என்றும் கூறுகின்றது. பிற சட்டங்களின்படி செய்தே தீரவேண்டிய கடமைகளின் செலவை இக்கணக்கிற் சேர்த்தல் கூடாதென்பதும் விதியே.

இவ்விதியின் அருமை யாதெனில், லாபத்திற் பங்கு கொடுத்தல் வேறு, லாபம் ஈட்டும் முறை வேறு என்பதை அது காட்டுகின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையின்போது மணலிச் சுத்திகரிப்பு ஆலைப்பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. வலையும் படகும் கறுத்தன. அம்மாதம் 26-ஆம் நாள் இரவு, பெரியகுப்பத்தருகே கோரமண்டல் உர ஆலைக்குரிய கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறியோர் பலர் மருத்துவமனை புகுந்தனர். பள்ளிக்கு மேசை நாற்காலி வழங்குதல் இதற்கு ஈடாகுமோ?

நிற்க. பிற நாடுகளின் நெறியைச் சிறிது நோக்குவோம். அமெரிக்காவிற் செல்வர் தம் விருப்பப்படி கொடுப்பதே பெருவழக்கு. 2,500-க்கு மேற்பட்ட நூல்நிலையங்கட்குப் பொருளுதவிய ஆண்ட்ரூ கார்னெகியின் எஃகாலையில், 1892-இல் ஹோம்ஸ்டெட் என்னுமிடத்தில், தொழிலாளர் பூசலில் உயிர்கள் மாண்டன. ஜப்பானில் விற்போர், வாங்குவோர், உலகோர் ஆகிய மூவர்க்கும் நன்மை தேடுதல் ஓமி வணிகரின் நெறியாகப் போற்றப்படுகின்றது. ஆயினும் அந்நாட்டு மினமாட்டாவில் ஓர் இரசாயன ஆலை கழித்த பாதரசம் மீன்வழியே மீனவர் குடும்பங்களை வருத்தியது. நோய் 1956-இல் வெளிப்பட்டது. அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது 1968-இலேயே. ஜெர்மனியோ 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால், 2,000 பேருக்கு மேல் உழைக்கும் கம்பெனிகளின் மேற்பார்வைச் சபையிற் பாதி இடத்தைத் தொழிலாளர் தரப்பிற்கு அளித்தது. வாக்குகள் சமமாயின் தலைவரின் மிகைவாக்கே முடிவு செய்யும்; எனினும் கணக்கைக் கேட்கும் இடம் அவர்க்கு உண்டு.

நம் சங்கத்தார் நம் பிள்ளைகட்குக் கல்வியுதவி வேண்டி ஆலையாருக்கு விண்ணப்பம் வரைந்துள்ளனர். நன்று, அதனை அனுப்புக. அதில் மூன்று வேண்டுகோள்களையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கின்றேன். ஆலையிலும் குழாயிலும் உள்ள பொருள் யாது, கசிந்தால் எத்திசை ஓடவேண்டும் என்பதைத் தமிழில் அச்சிட்டு வீடுதோறும் தருக. குப்பத்தாரும் தொழிலாளரும் அமர்ந்து வினவத்தக்க குழுவொன்றை அமைத்து மாதந்தோறும் கூட்டுக. நட்டஈட்டை நன்கொடைக் கணக்கோடு கலவாதிருக்க.

உதவித்தொகை பெறும் பிள்ளையின் தந்தை, கழிமுகம் கறுத்த நாளில் வாய்திறக்கக் கூசும் நிலை வரலாகாது. இத்திருத்தத்தைச் சபையோர் ஏற்றருளுமாறு வேண்டி அமர்கின்றேன்.