பூட்டு அவங்களோடது, கூரை நம்மளோடது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க குழுவில் 12 பேர். நாங்க அப்பளம் போடலை, ஊறுகாய் போடலை. காலேஜ் பிள்ளைங்களோட மூட்டை முடிச்சை லீவு முடியிற வரைக்கும் பத்திரமா வச்சிருந்து திருப்பிக் கொடுக்கிறோம். "இதுவும் ஒரு தொழிலா?"ன்னு எங்க வீட்டுக்காரரே கேட்டாரு. அதனால முதலில் இருந்தே சொல்றேன்.

எங்க ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு. வருஷக் கடைசிப் பரீட்சை முடிஞ்சதும் ஹாஸ்டல் ரூமை காலி பண்ணச் சொல்லிடுவாங்க. வெள்ளையடிப்பாங்க, அடுத்த வருஷம் வேற ரூம் கொடுப்பாங்க. மெத்தை, பக்கெட், டேபிள் ஃபேன், புஸ்தகம், சைக்கிள் எல்லாத்தையும் அந்தப் பிள்ளைங்க எங்கே கொண்டு போகும்? விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏறி பீகார், ஒடிசான்னு இரண்டு நாள் போற பிள்ளைங்களும் இருக்காங்க. மெத்தையைக் குப்பைத் தொட்டி ஓரம் போட்டுட்டுப் போறதை நானே பார்த்திருக்கேன். ஜூலையில் திரும்பி வந்து புதுசு வாங்குவாங்க. அது அவங்க அப்பா அம்மா காசுதானே.

சென்னை, பெங்களூரில் இதுக்குன்னே கம்பெனிங்க இருக்காம். செல்ஃப் ஸ்டோரேஜ்னு பேர். ஒரு சின்ன ரூமை வாடகைக்கு எடுத்து, சாமானை வச்சு, நாமே பூட்டி, சாவியை நாமே எடுத்துட்டுப் போகலாம். ஒரு மாணவிதான் இதை எனக்குச் சொன்னா. தனித்தனி ரூமுக்கு நாங்க எங்கே போறது? எங்க உறுப்பினர் ஒருத்தரோட மாமனார் காலத்துக் கடலைக்காய் குடோன் சும்மா கிடந்தது. ஓட்டுக் கூரை, கெட்டிச் சுவர். குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் எடுத்தோம். செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டு, தரையிலிருந்து ஒரு அடி உயரம், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி சாமானை வச்சோம். அப்பதான் கரையான் ஏறினா கண்ணுக்குத் தெரியும். பையைப் பிள்ளைங்களே பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போகணும். நாங்க திறக்க மாட்டோம்.

முதல் வருஷம் என்ன ஆச்சு தெரியுமா? 500 நோட்டீஸ் அடிச்சோம். "பொருட்கள் பாதுகாப்பு மையம்"னு கொட்டை எழுத்தில் தமிழில் போட்டோம். பஸ் ஸ்டாப் முழுக்க ஒட்டினோம். வந்தது 9 பிள்ளைங்க, 14 மூட்டை. மூட்டைக்கு 150 வீதம் 2,100 ரூபாய். நோட்டீஸ் அடிச்சதும் பலகை வாங்கினதும் அப்படியே கடனா நின்னுச்சு. ராத்திரி தூக்கம் வரலை. நான்தானே எல்லாரையும் கிளப்பிவிட்டேன்.

அப்புறம் உட்கார்ந்து யோசிச்சோம். வந்த 9 பிள்ளைங்ககிட்டயே போன் போட்டுக் கேட்டோம். அதுங்க சொன்னதுதான் எங்களுக்குப் பாடம்.

ஒண்ணு, நாங்க நோட்டீஸ் ஒட்டினது பரீட்சை முடியிற வாரம். அதுக்குள்ள பாதிப் பேர் ரயில் ஏறிட்டாங்க. பிராக்டிகல் பரீட்சை தொடங்கும்போதே சொல்லணும். அப்பதான் அடுத்து என்ன பண்றதுன்னு அவங்களுக்குக் கவலை வரும்.

இரண்டு, பஸ் ஸ்டாப்பில் யாரும் நோட்டீஸ் படிக்கிறதில்லை. அந்தச் சமயம் எல்லாப் பிள்ளைங்களும் ஜெராக்ஸ் கடையில்தான் வரிசையில் நிக்குதுங்க. கடைக்காரரைக் கேட்டு அங்கே ஒட்டினோம். ஒரு மாணவி இங்கிலீஷிலும் இந்தியிலும் எழுதிக் கொடுத்தா. அவங்க வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டா.

மூணு, மாசத்துக்கு இவ்வளவுன்னு சொன்னா கணக்குப் போட்டுப் பயப்படுறாங்க. "லீவு முடியிற வரைக்கும் மொத்தமா இவ்வளவு"ன்னு ஒரே விலை சொல்லணும்.

நாலு, மெத்தையைத் தலையில் வச்சுக்கிட்டு இரண்டு கிலோமீட்டர் யாரும் வர மாட்டாங்க. ஹாஸ்டல் வார்டனைப் போய்ப் பார்த்தோம். முதலில் உள்ளேயே விடலை. கூட்டமைப்புக் கடிதத்தோட இரண்டாவது தடவை போனோம். "கேட்டுக்கு வெளியே நிறுத்திக்கோங்க"ன்னாங்க. அது போதும். ஒரு குட்டி யானை வண்டியை வாடகைக்குப் பிடிச்சு நிறுத்தினோம்.

அஞ்சாவது நாங்களே கண்டுபிடிச்சது. மூட்டையைக் கொடுக்கறது பிள்ளைங்க, முடிவு பண்றது அம்மாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கெங்கேயோ இருந்து போன் வரும். "யாரும்மா நீங்க, நம்பிக் கொடுக்கலாமா?" "நாங்க மகளிர் குழுங்க, 12 பொம்பளைங்க சேர்ந்து பண்றோம்"னு சொன்னா அந்தப் பக்கம் குரலே மாறிடும். அதுக்கப்புறம் நோட்டீஸில் மகளிர் குழுங்கிறதைத்தான் முதலில் போட்டோம்.

இரண்டாவது வருஷம் 64 மூட்டை, 11 சைக்கிள். சைக்கிளுக்கு 200. மொத்தம் 11,800 ரூபாய். எல்லாருக்கும் சந்தோஷம்.

வைகாசியில் ஒரு ராத்திரி காத்தோட கோடை மழை. காலையில் போய்ப் பார்த்தா ஒரு ஓடு உடைஞ்சு நேரா ஒரு மூட்டை மேலே தண்ணி இறங்கியிருக்கு. ஒரு பொண்ணோட புஸ்தகமும் ரெக்கார்டு நோட்டும் இருந்த மூட்டை. சாக்குக்குள்ளே இருந்து தண்ணி சொட்டுது.

அன்னைக்கே குழுக் கூட்டம் போட்டோம். ஒரு அக்கா சொன்னாங்க, "ரசீதில் மழைக்கு நாங்க பொறுப்பில்லைன்னு போட்டிருக்கோமே. ஜூலையில் வரும்போது சொல்லிக்கலாம்." அவங்க சொன்னதும் நியாயம் மாதிரிதான் இருந்தது. ஆனா என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. அவ நோட்டு நனைஞ்சிருந்தா எனக்கு ஜூலையில் தெரிஞ்சா போதுமான்னு நினைச்சுப் பார்த்தேன். கை நடுங்கிக்கிட்டே போன் போட்டேன். அந்தப் பொண்ணு அழுதுடுச்சு. "திறக்கலாமாம்மா?"ன்னு கேட்டேன். "திறங்க ஆன்ட்டி"ன்னா. சாவி அவகிட்ட. பூட்டை அறுத்துதான் திறந்தோம்.

ஆறு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு தாளா பிரிச்சு, நூல் கட்டிலில் பரப்பி, பறக்காம கூழாங்கல் வச்சு, மூணு நாள் நிழலில் காய வச்சோம். மை பரவாத ரெக்கார்டு எல்லாம் பிழைச்சுது. புஸ்தகங்கள் போனது போனதுதான். தீர்மான நோட்டில் எழுதி 2,800 ரூபாய் அந்தப் பொண்ணுக்கு அனுப்பினோம்.

வண்டிக்கு 3,000, நோட்டீசுக்கு 600, இந்த 2,800 போக மிச்சம் 5,400. ஆளுக்கு 450. அந்தப் பணம் கொடுக்காம இருந்திருந்தா ஆளுக்கு 683 வந்திருக்கும். இதைச் சொல்லித்தான் அந்த அக்கா அடுத்த வருஷம் இந்த வேலைக்கு வரலை. இன்னிக்கும் என்கிட்ட சரியா முகம் கொடுத்துப் பேசறதில்லை. அது எனக்கு வருத்தம்தான். 233 ரூபாய் அவங்களுக்கு ஒரு நாள் கூலிங்கிறதை நான் மறக்கலை.

அந்தப் பொண்ணும் மறுபடி எங்ககிட்ட சாமான் வைக்கலை, வெளியே ரூம் எடுத்துட்டா. ஆனா கட்டிலில் தாள் காயற போட்டோவை நான் தினம் அவளுக்கு அனுப்பினேன் பாருங்க, அதை அவ தோழிங்களுக்குக் காட்டியிருக்கா. மூணாவது வருஷம் நோட்டீஸே 100தான் அடிச்சோம். மூட்டைக்கு 180 ஆக்கியும் 171 மூட்டை, 23 சைக்கிள், 35,380 ரூபாய். "தாளைக் காயவச்ச ஆன்ட்டி நீங்கதானே?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க.

இந்தத் தொழில் செய்ய நினைக்கிற குழுக்களுக்குச் சில வார்த்தை. கூரையை முதலில் பாருங்க. நாங்க இப்ப ஓட்டுக்குக் கீழே தார்ப்பாய் கட்டியிருக்கோம். பையைப் பூட்டறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கிறதைக் காட்டச் சொல்லுங்க. பிஸ்கட், அரிசி, ஊறுகாய் வேண்டாம், எலி வரும். கேஸ் அடுப்பு, நகை, லேப்டாப், சர்டிபிகேட் எதுவும் வாங்காதீங்க. மூட்டையை போட்டோ எடுத்து, நம்பர் சீட்டு கட்டி, ரசீது இரண்டு போடுங்க. வாரம் ஒரு நாள் இரண்டு பேர் போய்ப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுங்க. மழைக்குப் பொறுப்பில்லைங்கிற வரியை எங்க ரசீதிலிருந்து எடுத்துட்டோம். அதுக்குப் பதிலா, சேதமானா அன்னைக்கே போன் பண்ணுவோம், மூட்டைக்கு 1,500 வரைக்கும் கொடுப்போம்னு போட்டிருக்கோம். அந்த வரியைப் படிச்சுட்டுத்தான் அம்மாங்க இப்ப சரின்னு சொல்றாங்க.

கடன் 15,000-மும் அடைச்சாச்சு. எங்க வீட்டுக்காரர் இந்த வருஷம் தானே வந்து ஓடு மாத்திக் கொடுத்தாரு. அந்த அக்காவுக்கும் இந்த மேடையிலிருந்து சொல்றேன், உங்க இடம் அப்படியே இருக்கு, சித்திரையில் வாங்க.