மாறாததும் மாறுவதும்: கிட் களஞ்சியத்தின் உள்ளே

மென்பொருள் எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் இன்று கிட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு புரோகிராமில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாற்றைக் காத்து வைப்பது அதன் வேலை. அந்த வரலாறு முழுவதும், அதாவது களஞ்சியம், ‘புள்ளி கிட்’ என்ற ஒரே ஃபோல்டருக்குள் இருக்கிறது. பெயர் புள்ளியில் தொடங்குவதால் அது சாதாரணமாகக் கண்ணில் படுவதில்லை. நாள்தோறும் கிட்டைக் கையாளுகிறவர்களிலேயே அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. ஆனால் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் கடல் தாண்டி, போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் இருக்கும் ஒரு புரோகிராமர் பெங்களூரில் இருப்பவருக்குச் சமமாக உட்கார்ந்து வேலை செய்ய முடிகிறதென்றால், அந்த ஃபோல்டர் அடுக்கப்பட்டிருக்கும் விதமே அதற்குக் காரணம் என்பது என் வாதம். மாறவே கூடாத பொருள்களை ஓரிடத்திலும், மாறிக்கொண்டே இருக்கவேண்டியவற்றை வேறோரிடத்திலும் அது பிரித்து வைக்கிறது. அதன் பலமும் பலவீனமும் இந்தப் பிரிவினையிலிருந்தே வருகின்றன.

மாறாத பகுதிக்கு ஆப்ஜெக்ட்ஸ் என்று பெயர். நீங்கள் ஒரு கோப்பைக் கிட்டில் சேர்க்கும்போது அது அதன் உள்ளடக்கம் முழுவதையும் எஸ்ஹெச்ஏ-1 என்ற கணக்கு முறைக்குள் செலுத்தி, 40 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளத்தைப் பெறுகிறது. மனிதனுக்கு விரல்ரேகை எப்படியோ, கோப்புக்கு இது அப்படி. ஒரு கால்புள்ளியை மாற்றினாலும் ரேகை முழுவதுமே வேறாகிவிடும். அந்த ரேகையின் முதல் 2 எழுத்துகள் ஒரு சிறு ஃபோல்டரின் பெயராகின்றன, மீதி 38 எழுத்துகள் அதற்குள் இருக்கும் கோப்பின் பெயராகின்றன. உள்ளடக்கம் சுருக்கப்பட்டு அங்கே போய் உட்காருகிறது. கோப்புக்கு நீங்கள் வைத்த பெயர் அங்கே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பெயர்கள் ‘ட்ரீ’ என்ற இன்னொரு வகைப் பொருளில் இருக்கின்றன. எந்தப் பெயருக்கு எந்த ரேகை என்ற பட்டியல்தான் ட்ரீ, அந்தப் பட்டியலுக்கும் ஒரு ரேகை உண்டு. அதற்கு மேலே ‘கமிட்’. எந்த ட்ரீ, எழுதியவர் யார், எப்போது, ஏன், இதற்கு முந்தைய கமிட் எது என்ற விவரங்கள் அதில் இருக்கும், அதற்கும் ரேகை உண்டு. முந்தைய கமிட்டின் ரேகை அடுத்ததற்குள் எழுதப்பட்டிருப்பதால், பத்து ஆண்டுக்கு முன் நடந்த ஒரு மாற்றத்தை யாராவது ரகசியமாகத் திருத்தினால், அதற்குப் பின் வந்த கமிட்டுகள் எல்லாவற்றின் ரேகையும் மாறிப்போகும். ஒளிக்க முடியாது. ரேகைகளை இப்படி அடுக்கடுக்காகக் கோக்கும் யோசனை ரால்ஃப் மெர்க்கிள் 1979-இல் முன்வைத்தது.

மாறும் பகுதிக்கு ரெஃப்ஸ் என்று பெயர். அது வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. வழக்கமான அமைப்பில் ஒரு பிராஞ்ச் (கிளை) என்பது 41 பைட் கோப்பு: ஒரு கமிட்டின் 40 எழுத்து ரேகை, கடைசியில் ஒரு வரிமுடிவு, அவ்வளவுதான். நீங்கள் இப்போது எந்தக் கிளையில் நிற்கிறீர்கள் என்பதை ஹெட் என்ற கோப்பு ஒரே வரியில் சொல்லிவிடும். அடுத்த கமிட்டுக்கு எடுத்து வைத்தவற்றின் பட்டியல் இண்டெக்ஸ் என்ற கோப்பில் இருக்கிறது. ஒரு பிராஞ்சை அழித்தால் அழிவது இந்தச் சிறு சுட்டுக் கோப்புதான், அது சுட்டிய பொருள்கள் உடனே எங்கும் போய்விடுவதில்லை. வேலையெல்லாம் போயிற்று என்று தலையில் கைவைப்பவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கமிட் உள்ளேயே கிடக்கிறது. சுட்டுகள் எங்கெல்லாம் நகர்ந்தன என்ற குறிப்பை ரெஃப்லாக் வழக்கமாக 90 நாள் வைத்திருக்கிறது. எந்தச் சுட்டுக்கும் எட்டாமல் போன கமிட்டுகளின் குறிப்பை மட்டும் 30 நாளில் கழித்துவிடும்.

இதற்கு முன் இருந்த ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். சிவிஎஸ் என்ற பழைய கருவியில் வரலாறு நடுவிலிருக்கும் ஒரு சர்வரில் மட்டும் இருந்தது. உங்கள் கணினியில் இருந்தது அன்றைய நிலையின் நகல். நேற்று யார் என்ன மாற்றினார் என்று பார்க்கவே சர்வரைக் கேட்கவேண்டும், சேமிக்கவும் கேட்கவேண்டும். இணைப்பு இல்லாவிட்டால் கைகட்டி உட்கார வேண்டியதுதான். 2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச அனுமதி விலக்கப்பட்டபோது லினஸ் டொர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். அதன் முதல் கமிட் ஏப்ரல் 7-ஆம் தேதியிட்டது. உலகெங்கும் சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கானோருக்கு நடு சர்வர் என்ற ஒன்றைக் கட்டாயமாக்க முடியாத நிலையில் பிறந்த வடிவமைப்பு இது. அதனால் நீங்கள் ஒரு களஞ்சியத்தை நகலெடுத்தால் பொருள்கள் அனைத்தும், வரலாறு முழுவதும், உங்களிடம் வந்துவிடும். பொருளின் பெயர் அதன் உள்ளடக்கத்திலிருந்தே பிறப்பதால், மரைன் ஹில்லில் உருவான கமிட்டுக்குப் பெயர் வைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். வரிசை எண் கேட்டு நடு அலுவலகத்துக்கு எழுதவேண்டியதில்லை. ஃபீனிக்ஸ் பேயில் கப்பலேறி கேம்பல் பே போகிற ஒருவர் வழியெல்லாம் கமிட் செய்துகொண்டு போகலாம். கரையில் மிச்சப் பேர் செய்ததோடு பிறகு இணைக்கலாம். இணைய வசதியே இல்லையென்றால், பண்டில் என்ற கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கிப் பென் டிரைவில் கொடுத்தனுப்பலாம். பெறுகிறவரின் கணினி ஒவ்வொரு பொருளின் ரேகையையும் புதிதாகக் கணக்கிட்டே ஏற்றுக்கொள்ளும். வழியில் ஒரு பைட் கெட்டிருந்தாலும் அது பிடிபடும்.

சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடிக் கேபிள் வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. போர்ட் பிளேரோடு ஸ்வராஜ் தீவு, ரங்கத், லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் ஆகியவற்றையும் அது இணைக்கிறது. செயற்கைக்கோளை மட்டும் நம்பியிருந்த காலத்தை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விடுதலை என்று இந்தத் தீவுகளில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் கேபிள் தருவது வேகம். வரலாறு யார் கையில் இருக்கிறது என்பதை அது தீர்மானிப்பதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், ஒரே கட்டடத்தில் ஒரே படி வைத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதை நிகோபார் தீவுகளுக்கு எடுத்துச் சொல்லவும் தேவையில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு இடத்தைப் பற்றியது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழுக் கோப்பையும் சேமித்தால் வட்டு நிரம்பாதா? கிட் இதற்கு விடை வைத்திருக்கிறது. தனித்தனிப் பொருள்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் அவற்றைத் திரட்டி ஒரு பேக் கோப்பாகவும், அதில் எது எங்கே என்று காட்டும் அட்டவணைக் கோப்பாகவும் மாற்றிவிடும். அங்கே ஒத்த பொருள்களில் ஒன்று முழுதாக இருக்கும், மற்றவை வேறுபாடுகளாக மட்டும் இருக்கும். அப்படியானால் முழு உள்ளடக்கம் என்று சொன்னது பொய்யா என்றால், இல்லை. சுருக்குவது வட்டு இடத்துக்கான ஏற்பாடு, பெயர் எப்போதும் முழு உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. எழுத்தாக இருக்கும் கோப்புகளுக்கு இது மிக நன்றாக வேலை செய்கிறது. வீடியோ, செயற்கைக்கோள் படம் போன்றவற்றுக்கு இது ஒத்துவராது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அவற்றைப் பெரும்பாலும் வேறொரு சர்வரில் வைத்துவிட்டு, களஞ்சியத்தில் ஒரு சிறு சீட்டை மட்டும் வைக்கிறார்கள். அப்போது ஒவ்வொரு நகலும் முழுமையானது என்ற பெருமையும் போய்விடுகிறது. படக்கோப்புகளோடு வேலை செய்கிறவர்கள் தெரிந்தே செலுத்தும் விலை இது.

எத்தனை நகல் இருந்தாலும் போதாது என்பதற்கு 2013 மார்ச்சில் கேடிஇ மென்பொருள் திட்டத்தில் நடந்தது சான்று. முதன்மைச் சர்வரின் வட்டில் கோப்பு அமைப்பு கெட்டுப்போனது. அதிலிருந்த களஞ்சியங்களின் பட்டியல் சிதைந்தது. சிதைந்த பட்டியலை உண்மை என்று எடுத்துக்கொண்ட நகல் சர்வர்கள் தம்மிடம் இருந்தவற்றை அழித்தன. ஏறத்தாழ 1,500 களஞ்சியங்கள், இன்னும் ஒத்திசைவு ஆகாமலிருந்த ஒரே ஒரு சர்வரால் தப்பின. இது கிட்டின் அமைப்பையே பொய்யாக்கிவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். நான் இதை வேறுவிதமாகப் படிக்கிறேன். அங்கே கெட்டதும் பரவியதும் பட்டியல், அதாவது மாறும் பக்கம். மாறும் பக்கத்துக்கு ரேகை இல்லை. எது சரியான சுட்டு என்று கிட்டால் தானாகச் சொல்ல முடியாது. பொருள்களின் பக்கத்தை எஃப்எஸ்சிகே என்ற கட்டளை கொண்டு யாரும் எப்போதும் சோதிக்கலாம், ஆனால் யாராவது ஒருவர் அதை ஓட்டவேண்டும். முதன்மைச் சர்வரைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாத, சில நாள் பின்தங்கிய ஒரு நகல் எங்காவது இருக்கவேண்டும் என்பது அந்த நிகழ்ச்சி கற்றுத் தந்த பாடம்.

ரேகையே பொய் சொன்னால்? 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும், உள்ளடக்கம் வேறாக இருந்தும் ஒரே எஸ்ஹெச்ஏ-1 ரேகை கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கிக் காட்டின. அதே ஆண்டு மே மாதம் வந்த கிட் பதிப்பு, அத்தகைய சதியைக் கண்டுபிடிக்கும் கணக்கு முறைக்கு மாறியது. 2020 அக்டோபரில் எஸ்ஹெச்ஏ-256 கொண்டு களஞ்சியம் தொடங்கும் வசதியும் வந்தது. அடித்தளத்தையே மாற்றுவதால் அது பரவ நாளாகிறது.

களஞ்சியத்துக்கு வெளியே இருப்பவற்றை இந்த அமைப்பு காப்பதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. 2017 ஜனவரி 31 அன்று, கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். சுமார் ஆறு மணி நேரத்தில் பதிவான கருத்துகளும் பிழை அறிக்கைகளும் பயனர் கணக்குகளும் மீளவில்லை. கிட் களஞ்சியங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்ற விவாதத்தை இணையதளப் பெட்டிகளில் மட்டும் விட்டுவைக்காமல் கமிட் செய்தியிலும் ஓரிரு வரி எழுதிவைக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கடைசியாகத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. தீவுத் தமிழர்களின் வட்டாரச் சொற்களையோ பள்ளிப் பாடங்களையோ கிட்டில் சேர்த்து வைக்க நினைப்பவர்கள் முதலில் மிரள்வது, தமிழில் பெயரிட்ட கோப்பை அது எண்களாகக் காட்டும்போதுதான். ‘அ’ என்ற எழுத்து 340, 256, 205 என்று தெரியும். கோர் குவோட்பாத் என்ற அமைப்பை அணைத்துவிட்டால் இது சரியாகிவிடும். ஆழமான சிக்கல் வேறு. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைட்டுகள் வேறு, ஆகவே ரேகையும் வேறு. இருவர் இரண்டு விசைப்பலகையில் ஒரே சொல்லைத் தட்டினால், எதுவும் மாறாத வரியை மாறிவிட்டது என்று கிட் காட்டும். பழைய கமிட்டுகளில் அதைத் திருத்தப் போனால் அங்கிருந்து இன்றுவரை எல்லா ரேகையும் மாறி, பிறரிடம் உள்ள நகல்களோடு ஒட்டாமல் போகும். ஆகவே ஒருங்கிணைந்த குறி வடிவத்தையே பயன்படுத்துவது என்று குழு முதல் கமிட்டுக்கு முன்பே முடிவு செய்து, கமிட் செய்யும் ஒவ்வொரு முறையும் அதைச் சரிபார்க்கும் சிறு நிரலை, புள்ளி கிட்டுக்குள் இருக்கும் ஹூக்ஸ் ஃபோல்டரில் வைத்துவிடவேண்டும். நகலெடுக்கும்போது ஹூக்ஸ் கூடவே வராது, எனவே ஒவ்வொருவர் கணினியிலும் அதைத் தனியாக வைக்கவேண்டும்.