இலிஷ் மீனின் கருவும் நீரிலுள்ள உப்பும்

மழைக்காலத்தில் கொல்கத்தா மீன் அங்காடிகளில் முதலிடம் பெறுவது இலிஷ். தமிழகத்தில் உள்ளம் என வழங்கும் இம்மீன் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஹூக்ளி ஆற்றின் நன்னீருக்குள் ஏறிச் செல்கிறது. 1975இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியபின், முன்பு அலகாபாத் வரை சென்ற கூட்டங்களின் வழி அடைபட்டது. இயற்கைக்குத் தடை நேர்ந்த இடத்தில் செயற்கைக் கருவூட்டல் கைகொடுக்குமா என்பது ஆற்று மீனவரின் பிழைப்பைத் தொடும் வினா. இதில் நீரில் கரைந்துள்ள அயனிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

1899இல் ஜாக் லோப் என்னும் அறிஞர், கடல் முள்ளெலியின் முட்டைகளை மக்னீசியம் குளோரைடு சேர்ந்த கடல்நீரில் சிறிது நேரம் வைத்துப் பின் இயல்பான கடல்நீருக்கு மாற்றினார். விந்தணு தீண்டாமலே அவை வளரத் தொடங்கின. உயிரையே படைத்துவிட்டதாகச் செய்தித்தாள்கள் ஆரவாரித்தன; நிகழ்ந்ததோ முட்டையின் உறக்கம் கலைந்தது மட்டுமே. அவ்வுறக்கத்தைக் கலைப்பதில் தலையாயது கால்சியம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஜெல்லிமீனின் ஒளிரும் புரதத்தை மெடாக்கா மீனின் முட்டையுள் செலுத்திய ஆய்வாளர், விந்தணு நுழைந்த முனையிலிருந்து மறுமுனை வரை கால்சியம் அலையாகப் பரவுவதைக் கண்டனர்.

விந்தணுவின் கதை வேறு. மீனின் உடலுக்குள் அது அசைவற்றுக் கிடக்கிறது. சால்மனில் விந்துநீர்மத்தின் பொட்டாசியமும், கெண்டை இனங்களில் அந்நீர்மத்தின் உப்புச்செறிவும் அதனைக் கட்டி வைக்கின்றன. நன்னீர் பட்டதும் கட்டு அவிழும். ஆனால் ஓரிரு நிமிடங்களில் ஆற்றலும் தீர்ந்துவிடும். எனவேதான் பொரிப்பகங்களில் உலர்முறை கையாளப்படுகிறது. ஈரமற்ற ஏனத்தில் முட்டைகளையும் விந்தையும் பிழிந்து, பறவையின் இறகால் மெல்லக் கலந்த பின்னரே நீர் சேர்ப்பர். முன்னதாகவே நீர் கலந்தால், விந்தணு முட்டையை அடையுமுன் ஓய்ந்துவிடும்.

இலிஷ் விஷயத்தில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. வலையில் சிக்கிய சற்று நேரத்திலேயே அது மடிந்துவிடும். ஆகவே இப்பணியைப் பெரும்பாலும் படகிலேயே முடிக்க வேண்டியுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நம் கொள்ளிடத்தில் இம்முயற்சி நடைபெற்றது. கொல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும் இதில் நெடுங்காலம் உழைத்துள்ளனர். முட்டை பொரிப்பது கைகூடிவிட்டது. குஞ்சுகளைக் குளத்தில் தாய்மீன்களாக வளர்த்தெடுப்பதுதான் இன்றும் கடினமாக உள்ளது.