நன்கொடை விண்ணப்பம் எழுதுவது எப்படி?

(கொச்சி வெலிங்டன் தீவில் நடைபெற்ற கிளை நிர்வாகிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாங்க்கில் முப்பத்திரண்டு வருஷம் கடன் விண்ணப்பங்களைப் படித்தவன் நான். ரிடையர் ஆன பிறகுதான் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, சங்கத்துக்காக விண்ணப்பம் எழுத ஆரம்பித்தேன். கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடமே ஒருவர் பொறுமையாகக் கேட்டு வாங்கியதுதான். 1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினியர் கொச்சிக்கு வந்தபோது இங்கே பெரும்பகுதி காயல். துறைமுக வாயிலில் மணல் திட்டு அடைத்துக்கொண்டிருந்ததால் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நிற்கும். வாயிலை வெட்டினால் வைப்பீன் கரை அரித்துப் போகுமோ என்ற பயம் வேறு. சென்னை மாகாண அரசு, கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்கள் எல்லோரையும் சம்மதிக்க வைக்கவேண்டும். அவர் முதல் நாளே பெரிய தொகை கேட்கவில்லை. சில வருஷங்கள் அலையையும் மண் ஓட்டத்தையும் ஆராய்ந்து, பயப்படுவதற்கு ஒன்றுமில்லை என்று காட்டி, வேலையைக் கட்டம் கட்டமாக நகர்த்தினார். 1928 மே 26-ல் 'பத்மா' கப்பல் உள்ளே வந்தது. அப்போது தோண்டிய மண்தான் நம் காலுக்குக் கீழே இருக்கிறது.

இனி என் கதை. எங்கள் கிளையின் கல்வி உதவி நிதிக்காக ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதினேன். மொத்தம் பதினொரு பக்கம். அதில் ஏழு பக்கம் நம் பெருமை: யார் ஆரம்பித்தது, எந்த வருஷம், யார் குத்துவிளக்கு ஏற்றினார் என்று. (சிரிக்காதீர்கள், உங்கள் கிளை விண்ணப்பத்தையும் பார்த்திருக்கிறேன்!) ஒரு வாரத்தில் அந்த ஆபீஸிலிருந்து என் பெண் வயதுள்ள ஒரு அதிகாரி போன் செய்தார். "அங்கிள், எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்? யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? போன வருஷம் வாங்கியவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள்?" மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. கொடுத்த செக் நம்பர் மட்டும் இருந்தது.

கடைசியாக ஒன்று கேட்டார். "இது எல்லா ஏழைப் பிள்ளைகளுக்குமா?" எங்கள் விதிகளில் நம் சமூகத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. "அப்படியானால் முடியாது அங்கிள்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு ரொம்ப வருத்தம். ஆனால் சட்டத்தைப் புரட்டியதும் கோபம் போய்விட்டது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 80ஜி சலுகையே, ஒரு மதத்துக்கோ ஜாதிக்கோ மட்டும் என்று ஏற்பட்ட தர்ம ஸ்தாபனத்துக்குக் கிடையாது. 2025-ன் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, நாம் இன்னும் 80ஜி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் அதை வெளி டிரஸ்டுக்குக் கொடுக்கவேண்டுமானால் அந்த டிரஸ்டுக்கு வரிப் பதிவுகள் இருக்கவேண்டும், மூன்று வருஷ அனுபவம் வேண்டும், 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவமும் தாக்கல் செய்திருக்கவேண்டும். முதல் படியிலேயே நாம் தடுக்கி விழுகிறோம்.

ஆகவே என் அபிப்பிராயம், இரண்டு உண்டியல் வைத்துக்கொள்வோம். ஒன்று நம் உறுப்பினர்கள் பணம். நம்மவர்களுக்கே போகட்டும், வரிச்சலுகை எதிர்பார்க்கவேண்டாம். சின்னத் தொகைகளைச் சேர்ப்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள். 1893-ல் சுவாமி விவேகானந்தர் சிகாகோ போகச் சென்னையில் வீடு வீடாகப் போய் வசூலித்தவர் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளிக்கூட வாத்தியார்தான். இரண்டாவது, எந்த ஏழைப் பிள்ளையும் விண்ணப்பிக்கக்கூடிய தனி டிரஸ்ட். வெளியாரிடம் கேட்பதற்கு அது ஒன்றுதான் வழி. "நம் பிள்ளைகளுக்கே போதவில்லையே" என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மூடிய கதவின் முன்னால் நின்று ஊராரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

விண்ணப்பத்தை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எந்தப் படிப்பு, ஒருவருக்கு என்ன செலவு, அதில் நாம் போடுவது எவ்வளவு, கேட்பது எவ்வளவு. நம் பங்கு பூஜ்யமாக இருந்தால் எவரும் தரமாட்டார். கணக்கு எழுதுபவரின் சம்பளத்தை மறைக்காதீர்கள், மறைத்தால்தான் சந்தேகம். பணம் வந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கேட்காமலே ஒரு கடிதம் போடுங்கள். நடுவில் படிப்பை விட்டவனைப் பற்றியும் எழுதுங்கள்.

ரொக்கம் வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி சலுகை இல்லை என்று 2017-லேயே வந்துவிட்டது. புதிய வரி முறைக்கு மாறிய மாமாக்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது, அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் விஷயம் ஜாக்கிரதை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து பாங்க் மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால், ஓசிஐ கார்டு இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். எஃப்சிஆர்ஏ பதிவும் டில்லி ஸ்டேட் பாங்க் பிரதான கிளையில் கணக்கும் இல்லாமல் தொடவே கூடாது. பேரன் பிறந்தநாளுக்கு அன்போடு அனுப்பியதாகவே இருக்கட்டும், திருப்பி அனுப்புங்கள்.

புதிய டிரஸ்டுக்கான பத்திர வரைவு பின்வரிசை மேஜையில் இருக்கிறது. காபி குடித்துவிட்டு ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது பக்கத்தில் 'ஜாதி மத பேதமின்றி' என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். ஆட்சேபணை உள்ளவர்கள் மாலைக்குள் எழுதிக் கொடுத்தால் நாளைக் காலை பேசலாம்.