ஸ்க்ரூவைத் திருப்புவது யார்?



மகளிர் கல்லூரி உயர்ந்ததா, இருபாலர் கல்லூரி உயர்ந்ததா என்று பட்டிமன்றம் வைத்தால் இரு அணியும் கைதட்டல் வாங்கிவிடும். நான் அந்தப் பக்கமே போகவில்லை. வகுப்புக்குள் யார் கை என்ன வேலை செய்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில், பின்னாளில் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி சேர வந்தபோது, பெண் என்பதால் எதிர்ப்பு கிளம்பியது. மன்னரே தலையிட்ட பிறகுதான் இடம் கிடைத்தது. 1914இல் சென்னையில் இராணி மேரி கல்லூரியும், 1915இல் மகளிர் கிறித்துவக் கல்லூரியும் வந்தன. அன்றைய சண்டை இடத்துக்காக. இன்று பல இருபாலர் கல்லூரிகளில் பெண்களுக்கு இடம் உண்டு. வகுப்பில் அவர்களே அதிகம்கூட.

ஆனால் இயற்பியல் செய்முறை வகுப்புக்குள் நுழைந்து பாருங்கள். ஒரு மேசைக்கு மூன்று பேர். ஸ்பெக்ட்ரோமீட்டரில் கண்ணை வைத்து ஸ்க்ரூவைத் திருப்புகிறவன் பையன். “எழுதிக்கோ” என்று அவன் சொல்லச் சொல்ல, ரீடிங்கை நோட்டில் ஏற்றுகிறவள் பெண். அவள் கையெழுத்து அழகாக இருக்குமாம்! எந்த ஆசிரியரும் இப்படிச் செய்யச் சொல்வதில்லை; செய்யாதே என்றும் சொல்வதில்லை. மகளிர் கல்லூரியில் அந்தப் பையன் கிடையாது. ப்ரிசத்தைச் சரியாக வைப்பதும் அவள்தான், ஃபியூஸ் போனால் பார்ப்பதும் அவள்தான், விழாவுக்கு மைக்செட்காரரிடம் பேரம் பேசுவதும் அவள்தான். பாடத்திட்டம் ஒன்றாகவே இருக்கலாம்; கைப்பழக்கம் வேறாகிவிடுகிறது.

அதற்காக மகளிர் கல்லூரிகளைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் மாட்டேன். நோட்ஸ் சொல்லி எழுதவைத்துவிட்டு, சத்தம் வராத வகுப்பே நல்ல வகுப்பு என்று பெருமைப்படுகிற இடங்கள் அங்கேயும் உண்டு. கேள்வி கேட்க வேண்டும்; கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் பள்ளி அறிவியல் வகுப்புகளைக் கவனித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காக ஏறத்தாழ ஒரு நொடிதான் பொறுக்கிறார். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். நம் இருபாலர் வகுப்பில் அந்த முதல் நொடி பெரும்பாலும் கடைசி பெஞ்சு பையனுக்குப் போய்விடுகிறது.

ஆகவே இருபாலர் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கருவி பிடிப்பவரையும் நோட்டு பிடிப்பவரையும் வாரம்தோறும் மாற்றுங்கள். யார் ரீடிங் எடுத்தார் என்று ரெக்கார்டில் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும்போது அதைப் பாருங்கள். இதற்கு நிதியும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். வருகிற திங்கட்கிழமையே தொடங்கலாம்.