படுத்தே கிடப்பதுதான் ஓய்வா?

(நாகர்கோவிலில் பேசியதன் சுருக்கம்)



ஒருவருக்குக் கடும் வியாதி கண்டால் நாம் முதலில் சொல்லும் வார்த்தை என்ன? "அசையாமல் கிட" என்பதுதானே? நானும் அப்படிச் சொன்னவன்தான். நிமோனியா கண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த என் மாமனாரை, பிசியோதெரபி செய்ய வந்த அம்மாள் எழுப்பி உட்கார வைக்கப் பார்த்தார். நான் சண்டை போட்டுத் தடுத்துவிட்டேன். மாமனார் பிழைத்தார். ஆனால் மூன்று மாதம் பிறர் கை பிடிக்காமல் எழுந்து நிற்க அவரால் முடியவில்லை.

அந்த அம்மாள் செய்யப் பார்த்தது என்ன? மல்லாந்தே கிடந்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. முதுகுப்புறத்து நுரையீரல் சரியாக விரிவதில்லை. சளி தேங்குகிறது, அதில் கிருமி பெருகுகிறது. ஓடாத வாய்க்காலில் பாசி பிடிக்கும் என்பது நாஞ்சில் நாட்டு விவசாயிக்குத் தெரியாததா? வெண்டிலேட்டரே மூச்சு விட்டுக் கொடுத்தால் மூச்சிழுக்கும் தசையும் மெலிகிறது. பிறகு இருமித் துப்பப் பலம் ஏது?

இருமலின் அருமையை நெய்யூர் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் அறுவை வைத்தியம் செய்த டாக்டர் சோமர்வெல்லே அனுபவித்திருக்கிறார். 1924-இல் எவரெஸ்ட் மலையில் ஏறத்தாழ 28,000 அடி ஏறி இறங்கும்போது அவர் தொண்டை அடைத்துக் கொண்டது. சாவுதான் என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக இரு கைகளாலும் மார்பை அமுக்கி இருமினார். அடைப்பு வெளியே வந்தது, பிழைத்தார்.

வைத்தியர்களும் ஒரு காலத்தில் படுக்கையையே மருந்தென்று நம்பியவர்கள்தான். க்ஷயரோகிகளை மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடத்தினார்கள். 1959-இல் வெளிவந்த சென்னை ஆராய்ச்சியோ, அதே மருந்தைத் தின்று வீட்டில் நடமாடிய ஏழைகளும் ஏறக்குறைய அவர்களைப் போலவே குணமானதைக் காட்டிற்று. நம்பிக்கையைச் சோதித்தார்கள், தவறென்று கண்டதும் மாற்றிக் கொண்டார்கள். அதுவல்லவா அறிவு?

2009-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியைக் கேளுங்கள். வெண்டிலேட்டரில் இருந்த 104 பேரில் ஒரு பாதியினருக்குத் துவக்கத்திலேயே கை கால் அசைத்தல், உட்காருதல், நிற்றல் என்று பயிற்சி கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது அவர்களில் நூற்றுக்கு 59 பேர் தம் காரியத்தைத் தாமே செய்து கொண்டார்கள். மற்றவர்களில் 35 பேரே. வெண்டிலேட்டரிலிருந்தும் அவர்களே முந்தி விடுபட்டார்கள்.

அப்படியானால் பயிற்சியை இன்னும் கூட்டலாமே என்பீர்கள். 2022-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் 750 பேரிடம் அதையும் பார்த்தார்கள். வழக்கமான பயிற்சியை விட அதிகம் கொடுத்ததில் நன்மை கூடவில்லை; இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் கெட்டதுதான் அதிகம். ஆகவே எதற்கும் அளவு உண்டு.

தோழர்களே! குழாய்கள் மாட்டியிருக்கும் நோயாளியை நீங்களாகவே பிடித்துத் தூக்கச் சொல்லவில்லை. அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. "எப்பொழுது உட்கார வைக்கலாம்?" என்று டாக்டரைக் கேளுங்கள். உட்கார வைக்க வருகிறவரைத் தடுக்காதீர்கள். நான் செய்த முட்டாள்தனத்தை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.