ஆடியில் வரும் விருந்தாளிகள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விலங்கியல் படித்துவிட்டு வேதாரண்யம் பக்கம் பள்ளி ஆசிரியராகப் போனவன் நான். அதனால் கோடியக்கரையைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்கள். 'பொன்னியின் செல்வன்' படித்த எல்லோருக்கும் அது பூங்குழலியின் ஊர். எனக்கு அது உள்ளான்களின் ஊர்.

1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. வடக்கிலிருந்து வரும் நம் கடற்கரை அங்கேதான் சட்டென்று மேற்கே திரும்புகிறது. பாக் நீரிணையைத் தாண்டினால் யாழ்ப்பாணம். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் சதுப்பும் உப்பளமும். நெடுந்தூரம் பறந்து வரும் பறவைக்கு இதைவிட நல்ல சத்திரம் ஏது?

நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "பொங்கல் லீவுக்கு வரலாமா சார், பூநாரை இருக்குமா?" தாராளமாக வாருங்கள். ஆனால் சீசன் பொங்கலுக்கு ஆரம்பிப்பதில்லை. ஆடி முடிவதற்குள்ளேயே முதல் விருந்தாளிகள் வந்து இறங்கிவிடுகிறார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும். வேடிக்கை பார்க்க ஒரு ஆள் இருக்காது. அப்போது சேற்றில் நடந்து பார்த்தால் தெரியும்.

அந்த முதல் கூட்டத்தில் வருகிற ஒன்றைச் சொல்கிறேன். மூக்கு கீழ்நோக்கி வளைந்த ஒரு சின்ன உள்ளான். புத்தகத்தில் 'கர்லியூ சாண்ட்பைப்பர்' என்று போட்டிருப்பார்கள். எடை ஏறக்குறைய 60 கிராம். வடக்கே சைபீரியாவில் ஆர்க்டிக் ஓரத்துப் புல்வெளியில் ஜூன் மாதம் முட்டையிடும். ஆண் பறவை அடைகாப்பதில்லை, முதலில் கிளம்பிவிடும். குஞ்சுகளைப் பார்த்துக்கொண்ட பெண் அடுத்துக் கிளம்பும். அதனால் ஆகஸ்டில் நம்மிடம் வருபவை பெரும்பாலும் வளர்ந்த பறவைகள். இனப்பெருக்க காலத்துச் செங்கல் நிறம் சில பறவைகளின் மார்பில் இன்னும் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும்.

குஞ்சுகள்? அவைதான் கடைசி. பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆனவை, வழிகாட்டப் பெற்றோர் இல்லாமல், முன்பின் பார்த்திராத தேசத்துக்குப் பறந்து வருகின்றன. சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம் எல்லாமே பறவைகளுக்கு வழிகாட்டுகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். நம் பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்க நாம் எத்தனை தடவை கூடப் போனோம் என்று நினைத்துப் பாருங்கள்!

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? காலில் மாட்டிய அலுமினிய வளையத்தால். 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், டாக்டர் சாலிம் அலி காலத்திலிருந்தே கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, எடைபோட்டு, எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிட்டது. பிடித்துக் கொடுத்தவர்களில் பீகாரைச் சேர்ந்த மிர்ஷிகார்கள் உண்டு. பரம்பரையாக வலைவீசிப் பறவை பிடித்த குடும்பங்கள். ஒரு இறகு ஒடியாமல் பிடிக்கும் அந்தக் கைத்திறன் விஞ்ஞானத்துக்கு உதவியது. போன வருஷம் வளையம் மாட்டிய பறவை அதே சேற்றுக்குத் திரும்பி வருவதும் இப்படித்தான் தெரியவந்தது. வருஷா வருஷம் அதே மரத்தடியைத் தேடி வருகிற நமக்கு இதில் ஆச்சரியம் இருக்கக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வந்திறங்கும் பறவை எலும்பும் தோலுமாக இருக்கும். வளர்ந்த பறவைகள் பழைய சிறகை உதிர்த்துப் புதிது முளைக்க வைப்பதும் இந்த மாதங்களில்தான். அதற்குத் தீனி வேண்டும். புழு, பூச்சியின் இளம்பருவம், கூனி போன்றவை சேற்றுக்குள் இருக்கின்றன. ஆனால் இதன் கால் ஒரு விரல் நீளம்தான். தண்ணீர் கணுக்கால் அளவு இருந்தால்தான் நின்று கொத்த முடியும். ஐப்பசி மழை கொட்டிச் சதுப்பு நிரம்பினால் அந்த இடம் பூநாரைக்கு, உள்ளானுக்கு இல்லை. அதற்குமுன் உள்ள இரண்டு மூன்று மாதம்தான் இதற்கு அறுவடைக் காலம்.

காவிரியின் கடைமடைத் தண்ணீர் சதுப்புக்கு வருவது குறைந்தால் உப்பு ஏறும். உப்பு ஏறினால் புழு குறையும். 2018 நவம்பரில் கஜா புயல் கோடியக்கரைக் காட்டைச் சாய்த்தபோது ஊரே அழுதது. சேற்றில் புழு செத்தால் யாருக்கும் கேட்காது. நாடு முழுக்க நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடப்பதோ ஜனவரியில். ஆவணியில் வந்து தங்கித் தெற்கே போய்விட்ட பறவை அந்தக் கணக்கில் எப்படி விழும்? இந்த உள்ளானை 2024-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 'அழிவாய்ப்புள்ள' இனமாக உயர்த்திப் பட்டியலிட்டது. சாம்பல் உப்புக்கொத்தியும் அதே ஆண்டு அதே பட்டியலுக்குப் போனது.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. வருடாந்தரச் சுற்றுலா என்று எங்கெங்கோ போகிறோம். ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வனத்துறை அனுமதியோடு கோடியக்கரைக்கு ஒதுக்குவோம். இப்போது படிக்கிற பிள்ளைகளையும் கூட்டிப் போவோம். எத்தனை உள்ளான், எந்த இடம், தண்ணீர் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுவோம். பத்து வருஷம் விடாமல் எழுதினால் அந்த நோட்டு ஒரு சாட்சி. நாளைக்கு யாராவது "அங்கே என்ன இருக்கு, வெறும் சேறுதானே" என்று கேட்டால் எடுத்து நீட்டலாம்.

தொலைநோக்கி என்னிடம் இரண்டு இருக்கிறது. வேனுக்கு மட்டும் பொருளாளர் ஏற்பாடு செய்தால் போதும்.